ஆறாம் மாடியில் உவன் காய்ச்சிய நண்டு

இதை வாசிக்கப்போகும் பதினான்கு பேரிடமும் முதலில் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தப் பதிவை யாருக்கும் காட்டாதீர்கள். இணைப்பை அனுப்பவேண்டாம், படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம், நீர்வேலிப் பிள்ளை ஒருத்தி எழுதியிருக்கிறாள் என்று ஊரில் உள்ள எவருக்கும் சொல்லவேண்டாம். என்னுடைய மற்றப் பத்துப் பயணப் பதிவுகளையும் யாரும் பார்க்கலாம். இதற்கு மட்டும் கடவுச்சொல் போட்டிருக்கிறேன். நான் களவாக நண்டு சாப்பிட்டது வெளியே வந்தால் அடி விழும், அதைத் தாங்கலாம். ஆனால் நான் எவரைப் பார்க்கப் போனேன் என்பது அம்மாவுக்குத் தெரியமுன் பெரியப்பாவின் காதில் விழுந்தால், வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய ஒருவர் இனி எந்தக் காலத்திலும் வரமாட்டார்.

எல்லோரும் படுத்துவிட்டார்கள். போர்வைக்குள் இருந்து, அம்மாவின் பழைய போனில் வெளிச்சத்தைக் குறைத்துவைத்து எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாராவது வந்தால் எந்த வரியில் நிற்கிறதோ அந்த வரியோடு பதிவேற்றிவிடுவேன்.

ஏன் போனேன் என்பதைச் சொல்லாமல் பயணத்தைச் சொல்லமுடியாது. நாங்கள் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிற குடும்பம். வீட்டில் முழுச் சைவம். மீன், நண்டு, இறைச்சி, முட்டை எதுவும் வாசல் படலைக்குள் வராது. ஆனால் அம்மா பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவர். அவருடைய வீட்டார் கடலுக்குப் போகிறவர்கள். அப்பாவும் அம்மாவும் விரும்பிக் கல்யாணம் செய்தார்கள், இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே வந்த நாளிலிருந்து அம்மா மச்சம், மீனோ இறைச்சியோ, தொடவில்லை. அம்மாவின் ஆட்கள் எவரையும் நான் பார்த்ததும் இல்லை. இது நடந்து பத்தொன்பது வருடம்.

இப்போது என் தங்கச்சி பெரிய பிள்ளையாகியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அதற்கான சாமத்திய வீடு. தாய்மாமன் வந்து அவளுடைய தலையில் பாலறுகு வைத்துத் தேங்காய் உடைக்கவேண்டும். எங்களுக்குத் தாய்மாமனாக நிற்க, அப்பாவின் அண்ணன், அதாவது பெரியப்பா, தன் மனைவியின் தம்பியை ஒழுங்கு செய்துவிட்டார். அவர் மருதனார்மடத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர்தான். நாலு வருடத்துக்கு முன் எனக்கும் அவர்தான் நின்றார்.

"தாய்மாமன் இல்லாத வீட்டிலை ஆரேன் நிக்கத்தானே வேணும்" என்று பெரியப்பா சொன்னபோது அம்மா பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.  தோட்டத்தில் அப்பா பேசுவார், அண்ணனுக்கு முன்னால் பேசமாட்டார்.

அன்று நான் என் சாமத்திய வீட்டுக் காணொளியை எடுத்துப் பார்த்தேன். தேங்காய் உடைக்கிற நேரம் எல்லோரும் தேங்காயைப் பார்க்கிறார்கள். அம்மா மட்டும் படலையைப் பார்க்கிறார். நாலு வருடமாக அந்தக் காணொளி வீட்டில் இருக்கிறது, நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் குசினிக்குள் போனேன். அம்மா போனில் சத்தத்தை நிறுத்திவிட்டு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு விடுதியின் ஆறாவது மாடியில் இருக்கிற கடலுணவு உணவகத்தின் விளம்பரம் அது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் பெரிய சட்டியில் கறி கிண்டி, ஒரு நண்டைத் தூக்கிக் காட்டுகிறார். அம்மா எனக்கென்றும் இல்லாமல், தனக்கென்றும் இல்லாமல் சொன்னார்:

"உவன் இப்பவும் இடக்கையாலைதான் கிண்டுறான்."

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த வாசகர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். இவன் என்றால் எனக்குப் பக்கத்தில் இருப்பவன். அவன் என்றால் தூரத்தில் இருப்பவன். எங்கள் ஊரில் இடையில் இன்னொன்று உண்டு. உவன். கிட்டவும் இல்லை, தூரமும் இல்லை, இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு இடத்தில் இருப்பவன். இடத்துக்கும் அப்படித்தான்: இஞ்சை, உங்கை, அங்கை. பத்தொன்பது வருடம் காணாத ஒருவரை அம்மா 'அவன்' என்று சொல்லவில்லை. அது ஆர் என்று கேட்டேன். "என்ரை தம்பி" என்று சொல்லிவிட்டு அரிசி கழுவப் போய்விட்டார். மாமாவைத் தேடிப் போவது என்று நான் அந்த இடத்திலேயே தீர்மானித்தேன்.

இனிப் பயணம். சனிக்கிழமை, போயாவுக்கு, அதாவது முழுநிலவு நாளுக்கு, இரண்டு நாள் முன். சாமத்திய வீட்டு அலுவலில் எல்லோரும் ஓடித்திரிந்தார்கள், என்னைக் கவனிக்க ஆளில்லை. நகரத்தில் ஐந்து மணிக்கு விஞ்ஞான வகுப்பு, பரீட்சை வைக்கிறார்கள், முடிய ஆறரையாகும் என்று சொன்னேன். வகுப்பு இருந்தது உண்மை, பரீட்சை பொய். கையில் ஆறாயிரம் ரூபா இருந்தது, நான் சேர்த்தது. 4.05க்கு வீட்டை விட்டு இறங்கினேன். பருத்தித்துறை வீதியில் 4.20க்குப் பஸ் வந்தது. நகரத்துக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவில், டிக்கெற் எண்பது ரூபா. 4.50க்கு பஸ் நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து விடுதி ஒன்றரைக் கிலோமீற்றர். நடக்கலாம், ஆனால் வகுப்புப் பிள்ளைகள் கண்டுவிடுவார்கள் என்ற பயத்தில் ஓட்டோ பிடித்தேன். முந்நூறு கேட்டார், இருநூற்றைம்பதுக்கு வந்தார். விடுதியின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"உங்கை வேலைக்கோ போறீர் தங்கச்சி?"

"இல்லை அண்ணை. சாப்பிட."

"சாப்பிடவோ! நான் ஒரு நாளைக்கு அம்பது தரம் ஆக்களை உங்கை இறக்கிறன். இன்னும் உள்ளுக்கை போகேல்லை. பேந்து வந்து சொல்லும், என்ன மாதிரியெண்டு."

"நீங்களும் ஒருநாள் போங்கோவன்."

"நான் போனா என்ரை மனுசி பில்லைத்தான் முதல் சாப்பிடுவா."

கீழே காவலர் என்னை மறிக்கவில்லை. மின்தூக்கிக்குள் கண்ணாடி இருந்தது. பாட்டாச் செருப்பும் புத்தகப் பையும் போட்ட ஒருத்தி அதற்குள் நின்றாள். திரும்பிப் போவோமா என்று ஒரு கணம் நினைத்தேன். கதவு ஆறாம் மாடியில் திறந்துவிட்டது.

மாலைச் சாப்பாட்டுக்கு ஐந்து மணிக்குத் திறக்கிறார்கள். நான் போனது 5.10. வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையும் உடுத்த ஒரு அக்கா வந்தார். பரிமாறுவது அவர்தான்.

"எத்தினை பேர் தங்கச்சி?"

"நான் மட்டும்."

"பின்னாலை அம்மா அப்பா வாறினமோ?"

"இல்லை."

அவர் என் செருப்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "மேசை எல்லாம் புக் பண்ணியிருக்கு. ஏழு மணிக்கு லண்டன் குடும்பம் ஒண்டு வருது. அதுக்குள்ளை எழும்புவீரெண்டா நல்ல இடமாத் தாறன்" என்றார். மேற்குக் கரையோரம் ஒரு சின்ன மேசையைத் தந்தார். இதுதான் அங்கே மிகவும் நல்ல இடம் என்று பிறகு தெரிந்தது. கதிரையில் இருந்தபடியே பண்ணைக் கடல் தெரியும்.

உணவு அட்டையில் விலைகள் இப்படி இருந்தன: தேசிக்காய்ச் சாறு 650, சோறு 550, கணவாய்ப் பொரியல் 2,900, இறால் 3,400, யாழ்ப்பாண நண்டுக்கறி 4,200. இதற்கு மேல் நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம். இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டால் பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாது.

நான் நண்டுக்கறி கேட்டேன். விளம்பரத்தில் மாமா கையில் இருந்தது நண்டு. நண்டு கேட்டால் அவருடைய கை பட்டதுதான் வரும் என்பது என் கணக்கு.

"நண்டு வேண்டாம் தங்கச்சி. கணவாய் எடும், இண்டைக்குக் கணவாய் நல்லம்" என்றார் அந்த அக்கா.

"எனக்கு நண்டுதான் வேணும்."

"போயாவுக்கு முன்னுக்குப் பின்னுக்கு நண்டு குடுக்க செஃப் விடமாட்டார்."

"மெனுவிலை இருக்குதே அக்கா."

"மெனுவிலை இருக்கும். சட்டியிலை இராது."

உங்கள் செஃப் என் மாமா என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம்.  சொல்லி, அவர் "எனக்கு அக்கா இல்லை" என்றுவிட்டால் பிறகு நான் எங்கே போவது? அதனால் நண்டைப் பிடித்துக்கொண்டேன்.

"குசினியிலை போய்க் கேளுங்கோ. நண்டு தராமல் நான் எழும்பமாட்டன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.  அக்கா குனிந்து, "அவர் வந்து பேசினா நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வந்தார். தோளில் போட்டிருந்த துவாயை இடக்கையால் இழுத்துத் துடைத்துக்கொண்டே வந்தார். முப்பத்துமூன்று வயது என்று பிறகு அறிந்தேன். நெற்றி அப்படியே அம்மாவின் நெற்றி.

"ஆர் அந்த நண்டுக்காரப் பிள்ளை? நீரோ?" சிரித்தபடிதான் கேட்டார். "நிலவுக்கு நண்டு கேக்கிறீர். நிலவு வெளிச்சத்துக்கு நண்டு மேயாது, உள்ளுக்கை சதை இராது, வெறுங்கோது. காசையும் குடுத்து ஓட்டை நக்கப்போறீரோ? கடற்கரைப் பிள்ளையெண்டா உது பேச்சு வரமுந்தித் தெரிஞ்சிருக்கும். நீர் தோட்டக்காரப் பிள்ளை, என்ன?"

"ஓம். தோட்டக்காரப் பிள்ளைதான். ஆனா அம்மா கடற்கரைப் பிள்ளை."

"எந்தக் கடற்கரை?"

ஊரைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"ஆற்றை பிள்ளை நீர்?"

"பவளராணியின்ரை."

துவாயை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார். திரும்ப இடக்கைக்கு மாற்றினார். மற்ற மேசைகளைப் பார்த்தார். பிறகு, "உன்ரை பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "இரு. எழும்பாதை. நண்டு வரும்" என்றார். வேறொன்றும் கேட்காமல் குசினிக்குள் போய்விட்டார்.

நண்டு வர முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது. அந்த நேரத்தில் நான் கண்டதை எழுதுகிறேன், படங்கள் போடமுடியவில்லை. நகரத்து வானவிளிம்பு என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். கொழும்பைப்போல உயர்ந்த கட்டடங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். எங்கள் நகரத்தில் வானத்தைத் தொட நிற்பவை வேறு. மேற்கே கோட்டையின் சுவர், அதற்குப் பின்னால் கடல், தீவுக்குப் போகிற பண்ணை வீதி தண்ணீருக்கு மேல் ஒரு கோடு. பக்கத்தில் நூலகத்தின் வெள்ளைக் கும்மட்டம், மணிக்கூட்டுக் கோபுரம். கிழக்கே திரும்பினால் நல்லூர்க் கோபுரம் வெயில் பட்டு மஞ்சளாக நின்றது. அதற்குச் சற்று மேலே, பகலிலேயே கிளம்பிவிட்ட வெளிறிய நிலவு. இடையில் எல்லாம் தண்ணீர்த் தாங்கிகள், தொலைபேசிக் கோபுரங்கள். வடக்கே வெறும் பனை. எங்கள் வீடு எந்தப் பக்கம் என்று தேடினேன், பனையைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போது குசினிக்குள் இருந்து டொக்கு டொக்கு என்று சத்தம் வந்தது. அடுத்த மேசையில் இருந்த வெள்ளைக்காரர் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அக்கா என்னிடம் ஓடிவந்தார்.

"தங்கச்சி, என்ன சொன்னனீர் அவருக்கு? மனுசன் உரல் கேக்கிறார். ஆறாம் மாடியிலை உரலுக்கு நான் எங்கை போறது? இப்ப சுண்டல் சட்டிக்குள்ளை போட்டு உருளைக் கட்டையாலை குத்துறார்."

5.55க்குச் சட்டியோடு வந்தது. செம்மண் நிறத்துக் குழம்பு, மேலே முருங்கையிலை, இரண்டு நண்டு. மாமாவும் பின்னால் வந்து நின்றார். கதிரை இருந்தும் இருக்கவில்லை, வேலை நேரத்தில் இருக்கக்கூடாதாம்.

உண்மையைச் சொல்கிறேன், சாப்பிடப் பயந்தேன். பதினாறு வயது வரை மச்சம் பட்டதில்லை. கரண்டியால் குத்தினேன், நண்டு சட்டிக்குள் சுழன்றது. முள்ளுக்கரண்டியால் குத்தினேன், குழம்பு மேசைவிரிப்பில் தெறித்தது. "கையைப் போடும் தங்கச்சி, ஆரும் பாக்கேல்லை" என்றார் அக்கா, பார்த்துக்கொண்டே. கையைப் போட்டேன். ஓட்டை உடைத்தால் உள்ளே உண்மையாகவே ஒன்றும் இல்லை. சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்தேன்.

வாயில் வைத்தது எனக்குத் தெரிந்த கறி.

எங்கள் வீட்டு வாழைப்பூக் கறி. அம்மா வாழைப்பூவை உரலில் இடித்துப் பிழிந்து, அந்தச் சாற்றில் தூள் போட்டு, கடைசியில் முருங்கையிலையும் புளியும் விட்டு இறக்குவார். நீர்வேலியில் வேறு எந்த வீட்டிலும் வாழைப்பூவை இடித்துப் பிழிவதில்லை. பெரியப்பா ஒவ்வொரு ஞாயிறும் அதற்காகவே எங்கள் வீட்டில் சாப்பிடுவார், விரலைச் சூப்புவார், "இந்த வீட்டுக் கைப்பக்குவம்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். கடல் வாசனை மட்டும்தான் இதில் கூட இருந்தது. மற்றதெல்லாம் அதே கறி.

மாமாவிடம் அதைச் சொன்னேன். 

"அப்பாவுக்குக் கடல் வாய்க்காத நாளிலை, விக்கேலாத கோது நண்டுதான் வீட்டை வரும். அக்கா நண்டுக்காலெல்லாம் இடிச்சுப் பிழிஞ்சு, அந்தச் சாறிலை காய்ச்சுவா. சதை இல்லாட்டிலும் ருசி இருக்கும். எனக்குக் காட்டித் தந்தது அவதான். இஞ்சை மெனுவிலை போடேல்லை. ஆருக்கும் குடுக்கவும் இல்லை. வாழைப்பூவிலையோ காய்ச்சிறா?" என்று கேட்டுவிட்டுத் துவாயால் முகத்தைத் துடைத்தார். "நல்ல கெட்டிக்காரி."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். தங்கச்சி, வெள்ளிக்கிழமை, தேங்காய், மருதனார்மடத்துச் சைக்கிள் கடைக்காரர். "நீங்கள் வரோணும் மாமா" என்றேன். அந்தச் சொல்லை ஒரு உண்மையான மாமாவுக்கு நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் தலையாட்டினார், இல்லை என்று.

"நீ பிறந்தாப் பிறகு ஒருக்கா வந்தனான். அப்ப எனக்குப் பதினேழு வயசு. உனக்கொரு சட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸிலை வந்தன். உன்ரை பெரியப்பா படலையிலை நிண்டார். மீன் மணக்குது, உள்ளுக்கை வரவேண்டாம், சாமான் என்னவெண்டாத் தந்திட்டுப் போ எண்டார். சட்டையைப் படலையிலை கொழுவிப்போட்டு வந்திட்டன். அக்காவுக்கு நான் வந்தது தெரியுமோ தெரியாது. அண்டைக்கு ஒரு நேத்தி வைச்சன். அக்கா தன்ரை வாயாலை கூப்பிட்டாத்தான் இனி அந்தப் படலைக்கு வாறது."

"நான் கூப்பிடுறன்தானே."

"நீ வந்தது காணும், பெரிய காரியம். ஆனா நீ கூப்பிட்டு நான் வந்து நிண்டா, உன்ரை பெரியப்பா உன்னைத்தான் பேசுவார். அக்கா கூப்பிட்டு வந்தா ஆரும் ஒண்டும் கதைக்கேலாது. தாய்மாமனைத் தாய் கூப்பிட்டா ஆர் மறிக்கிறது?"

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு வடக்குப் பக்கச் சுவரோரம் போனார். பொழுது பட்டுவிட்டது. பனைகளுக்கு மேலே தொலைபேசிக் கோபுரங்களின் சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

"அந்த மூண்டிலை நடுவிலை இருக்கிறது தெரியுதோ? பதிஞ்சு நிக்கிறது? அதுக்கு நேர்தான் நீர்வேலி. நான் ஒவ்வொரு நாளும் அடுப்பு மூட்ட முந்தி இஞ்சை வந்து நிண்டு பாக்கிறனான். இவள் என்னை விசரன் எண்டுறாள்." பின்னால் நின்ற அந்த அக்காவைக் காட்டினார். அக்கா, "பின்னை, லைற்றைப் பாத்துச் சிரிச்சா என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

மாமா அந்த விளக்கைப் பார்த்தபடியே, "அக்கா உங்கை இருக்கிறா" என்றார். அங்கை என்று சொல்லவில்லை.

பில் தரவில்லை. நான் காசை எடுத்தபோது, "தாய்மாமனிட்டைச் சாப்பிட்டுப்போட்டுக் காசு குடுத்தா உலகம் சிரிக்கும்" என்றார். சிட்டைத் தாளின் பின்னால் தன் நம்பரை இடக்கையால் எழுதித் தந்தார். மிச்சக் கறியை ஒரு டப்பாவில் போட்டு மூன்று பைகளால் சுற்றி, "அக்காவிட்டைக் குடு. திண்ண வேண்டாம், அவ விட்டது விட்டதாயிருக்கட்டும். மணந்து பாக்கட்டும்" என்றார்.

6.55 பஸ், எண்பது ரூபா. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் இருமுறை மூக்கைச் சுளித்து, யன்னலைத் திறந்துவிட்டார். 7.30க்கு வீடு. விறாந்தையில் பெரியப்பாவும் அப்பாவும் பந்தல் கணக்குக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "பரீட்சை எப்பிடி?" என்றார் அப்பா. "கஷ்டம்" என்றேன். அதில் பொய் இல்லை.

கிணற்றடியில் தேசிக்காய் தேய்த்துக் கை கழுவினேன். மூன்று தரம் கழுவினேன். அம்மா புட்டு வைத்தார். தட்டத்தை நீட்டியபோது என் கையைப் பிடித்தார். முகத்துக்குக் கொண்டுபோகவில்லை, சும்மா பிடித்தபடி நின்றார். பிறகு மிகவும் மெல்ல, விறாந்தைக்குக் கேட்காதபடி சொன்னார்:

"தேசிக்காய் காணாது. கடலைமாப் போட்டுத் தேய்."

அவ்வளவுதான். போய் அப்பாவுக்குச் சொதி ஊற்றினார். நான் புட்டை விழுங்க மறந்துபோனேன். அம்மாவுக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று அதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

டப்பா இப்போது என் அலுமாரியில், பழைய சீருடைகளுக்குக் கீழே இருக்கிறது. மூன்று பையும் போதவில்லை. அறை முழுக்க அந்த மணம். அடுத்த அறையில் அப்பா. முற்றத்துக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீடு.

நாளைக்கு என்ன செய்வது என்று தீர்மானித்துவிட்டேன். ஞாயிறு விடிய நாலரைக்கு அப்பா வாழைக்குலை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவார். பெரியப்பா பூசைக்குப் போவார். அந்த ஒரு மணித்தியாலம் அம்மா தனிய. டப்பாவையும் நம்பரையும் அம்மாவின் முன்னால் வைக்கப்போகிறேன். படலையில் கொழுவியிருந்த சட்டையைப் பற்றியும் சொல்லப்போகிறேன். அழுதால் அழட்டும், பேசினால் பேசட்டும். ஒருவேளை எடுக்கமாட்டார். அப்படியானால் திங்கட்கிழமை திரும்ப வைப்பேன், செவ்வாயும் வைப்பேன். வெள்ளிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. பயம் போகவில்லை. பயத்தோடு பஸ் ஏறலாம், நண்டு கேட்கலாம் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதேபோல அம்மாவோடும் கதைக்கலாம்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விசயங்கள். போயாவை அண்டிப் போகாதீர்கள். இருட்டுக்காலத்தில் போங்கள், நண்டு சதையோடு இருக்கும். பொழுது படுவதைப் பார்க்க மேற்குப் பக்க மேசை, ஐந்து மணிக்கு முன் சொல்லி வைத்தால் கிடைக்கும். ஆனால் எழும்பமுன் ஒருதரம் வடக்குப் பக்கமும் போய் நில்லுங்கள், அங்கே மேசை போடவில்லை, ஒருவரும் படம் எடுப்பதில்லை. நீர்வேலிப் பக்கத்துக்கு எட்டு மணிக்குப் பிறகு பஸ்ஸை நம்பவேண்டாம். கரண்டியை நம்பவேண்டாம். கை மணம் போகக் கடலைமா

யாரோ தட்டுகிறார்கள்.

அப்பா என்றால் பேர் சொல்லித் தட்டுவார். இது பேர் சொல்லவில்லை. விரல் நுனியால், கதவின் கீழ்ப்பக்கம். இருந்துகொண்டு தட்டுகிற மாதிரி.

"பிள்ளை. லைற்றைப் போடாதை. கதவைத் திற." அம்மா. "உவன் என்ன குடுத்துவிட்டவன்?"